ஒரே கட்சி ஆட்சியும் சிங்கப்பூரின் சுற்றுப்புறக் கொள்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வந்தால் வீட்டு விலை, பொருள் சேவை வரி, வேலை ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு. காடும் கடலும் காற்றும் மேடையில் அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் இந்தத் தீவில் எந்த மரம் நிற்கும், எது விழும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று நண்பர்களும் வாசகர்களும் விடாமல் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. என் கருத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஆட்சியே மாறியதில்லை. அப்புறம் கட்சிக்கும் சுற்றுப்புறக் கொள்கைக்கும் என்ன தொடர்பு?

மாறாமல் இருப்பதுதான் தொடர்பு. 1959 முதல் மக்கள் செயல் கட்சிதான் (மசெக) ஆள்கிறது. 2025 மே 3 பொதுத்தேர்தலில் 97 இடங்களில் 87 அதற்குக் கிடைத்தது. வாக்கு விகிதம் 65.57. இப்படிப்பட்ட பெரும்பான்மை இருக்கும்போது, நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்ட மசோதா நிறைவேறுமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆகவே உண்மையான இழுபறி அதற்கு முன்பே, அமைச்சுகளுக்கும் கழகங்களுக்கும் நடுவே நடந்து முடிந்துவிடுகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். வீடு கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), மரங்களைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காக் கழகம், எந்த நிலம் எதற்கு என்று திட்டம் போடும் நகரச் சீரமைப்பு ஆணையம் ஆகிய மூன்றும் ஒரே தேசிய வளர்ச்சி அமைச்சின்கீழ் இருக்கின்றன. வேறு நாடுகளில் இரண்டு கட்சிகள் மேடையில் மோதிக்கொள்ளும் விஷயம், இங்கே ஒரே அமைச்சரின் மேசையில் கோப்புகளாக வந்து சேர்கிறது. வெளியே இருக்கும் நமக்கு முடிவு தெரியும். எது எதோடு மோதியது, எது தோற்றது என்பது பெரும்பாலும் தெரியாது.

கட்சி மாறும் நாடுகளில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வடகிழக்கு மாநிலங்கள் சேர்ந்து மின்நிலையங்களின் கரிம வெளியேற்றத்துக்கு ஒரு வர்த்தகத் திட்டம் வைத்திருக்கின்றன. நியூ ஜெர்சி அதில் இருந்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2011இல் விலகல் அறிவித்தார். ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி வந்தபின் 2020இல் மறுபடி சேர்ந்தது. வர்ஜீனியா 2021இல் சேர்ந்தது. ஆட்சி மாறியது, 2023 முடிவில் வெளியே வந்தது. பருவநிலை மாற்றம் பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்திலும் அமெரிக்கா உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே என்று போய்க்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்ட் அரசு 2012 ஜூலையில் கொண்டுவந்த கரிம விலையை, டோனி அபட் அரசு இரண்டே ஆண்டில் ரத்து செய்தது.

சிங்கப்பூரின் கரிம வரியை அதோடு ஒப்பிடுங்கள். 2019இல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளி. 2024இல் 25. 2026, 2027க்கு 45. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி. இந்தப் படிகளை 2022இலேயே அறிவித்துவிட்டார்கள். ஜூரோங் தீவில் பல பத்தாண்டுகள் ஓடப்போகும் ஆலையைக் கட்டும் நிறுவனம், அடுத்த தேர்தலில் இந்த வரி காணாமல் போய்விடும் என்று கணக்குப் போட முடியாது. இது சின்ன விஷயமல்ல. பருவநிலைக் கொள்கைக்கு வேண்டிய முதல் பொருள் இந்த நம்பகத்தன்மைதான், அதை இங்கே ஆட்சித் தொடர்ச்சி தருகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் மற்றக் குறைகளைப் பேசுவது நியாயமில்லை.

சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். எதிர்க்கட்சி வலுவாக இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

நடந்திருக்கலாம். ஆனால் பத்தே ஆண்டில் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று சவால் விட்டார். அப்போது ஆற்றில் விழாதது எது? பன்றிப் பண்ணைக் கழிவு, வாத்துப் பண்ணைக் கழிவு, தெருவோரக் கடைகளின் எச்சில், சாக்கடை வசதியில்லாத வீடுகளின் மலம், தொங்கான்கள் என்ற சரக்குப் படகுகளின் எண்ணெய். சுமார் 26,000 குடும்பங்கள் குடியிருப்புகளை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ஐயாயிரம் அளவில் தெருக்கடைக்காரர்கள் அங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 1983இல் தொங்கான்கள் மொத்தமாக பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. 1987இல் வேலை முடிந்தது. குடிபெயர்ப்புச் செலவு போக, ஏறக்குறைய 17 கோடி வெள்ளி செலவு.

இத்தனையும் நடக்க அரசின் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் இருந்தது. 1968 தேர்தலிலிருந்து 1981 வரை நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்கூட இல்லை. 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே. பி. ஜெயரத்தினம் வென்றபோதுதான் அந்த அமைதி கலைந்தது. அதற்குள் ஆற்றுப் பணி பாதி வழி வந்துவிட்டது. தலைமுறையாகப் பன்றி வளர்த்தவர், ஆற்றங்கரையில் கடை போட்டவர் என்று எவருக்காகவும் சபையில் எழுந்து, "இவருக்கு நஷ்ட ஈடு போதுமா?" என்று கேட்க மறுபக்கத்தில் ஆளில்லை.

இன்று மரினா நீர்த்தேக்கத்தின் தண்ணீர் நம் குழாய்க்கு வருகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்க முடிந்ததே அந்த ஆறுகள் சுத்தமானதால்தான். பலன் எல்லாருக்கும் வந்தது, விலையைச் சிலர் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளிப் பாடங்களிலும் விழா மேடைகளிலும் முதல் பாதிதான் அதிகம் கேட்கிறது.

மரம் நடுவதை ஆரம்பித்தது ஓட்டுக்காகவா?

1963 ஜூனில் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பட் மரக்கன்றை நட்டு இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் "பூந்தோட்ட நகர்" என்ற இலக்கு வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர், விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே இது ஒழுங்கான நாடு என்று நம்ப வேண்டும் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு 1970இல் பிரதமர் அலுவலகத்தின்கீழேயே வைக்கப்பட்டது. 1972இல் தனிச் சுற்றுப்புற அமைச்சு வந்தது. உலகத்தில் மிகச் சில நாடுகளிடமே அப்போது அப்படி ஓர் அமைச்சு இருந்தது. பொருளியலுக்காக வந்த பசுமை என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது: சாலையோர மரத்துக்கு இருக்கும் மரியாதை, தானாக வளர்ந்த காட்டுக்குக் கிடைப்பதில்லை.

எதிர்க்கட்சிகள் வேறு திசையில் போகச் சொல்கின்றனவா?

இல்லை. பருவநிலை மாற்றமே பொய் என்று சொல்லும் கட்சி எதுவும் நம் நாடாளுமன்றத்தில் இல்லை. 2021 பிப்ரவரியில் பருவநிலை மாற்றத்தை உலகளாவிய அவசரநிலை என்று ஏற்கும் தீர்மானம் வந்தபோது, அதை முன்வைத்தவர்கள் மசெக பின்வரிசை உறுப்பினர்கள். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியும் ஆதரித்தது. வேறுபாடு வேகத்திலும் செலவை யார் தாங்குவது என்பதிலும்தான் இருக்கிறது.

பசுமைக் கட்சி என்று ஒன்றும் சபைக்குள் இல்லை. அந்தக் குரல் சில சமயம், தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்கள் வழியாக உள்ளே வரும். இயற்கைச் சங்கத்தின் தலைவராக இருந்த டாக்டர் கே மின் 2000களின் நடுவில் அப்படி வந்தவர். பேசலாம், பதிவாகும். ஆனால் நியமன உறுப்பினர் வரவுசெலவுத் திட்டத்துக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்கும் வாக்களிக்க முடியாது.

நான் எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் இருக்கிறேன். என் புளோக்கில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

நகர மன்றம் வேறு கட்சியின் கையில் இருக்கும். தாழ்வாரம் கூட்டுவது, மின்தூக்கி, பொதுவிளக்கு, புல்வெளி, குப்பைத் தொட்டி அறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் கீழ்த்தளத்தில் நிற்கும் நீலநிற மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்வது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற குப்பை சேகரிப்பு நிறுவனம். அது எந்தத் தொகுதியானாலும் ஒன்றுதான்.

அந்தத் தொட்டியைத் திறந்து பாருங்கள்: குழம்பு ஒட்டிய பொட்டலப் பெட்டி, பாதி குடித்த காப்பிப் பை, பழைய தலையணை. அதில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதது. வீட்டுக் குப்பை மறுசுழற்சி விகிதம் 2024இல் 11 விழுக்காடு. நம் குப்பை எரிந்து சாம்பலாகிப் போகும் செமகாவ் நிரப்பிடம் 2035 வரைதான் தாங்கும் என்கிறது அரசு. இந்த விஷயத்தில் கட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு காட்டை அழித்து வீடு கட்டுவதென்றால் அந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது?

நீங்கள் நினைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2020 கடைசியில் கிளமெண்டி காட்டின் காலைப் பனிமூட்டத்தை ட்ரோனில் எடுத்த படங்கள் பரவின. அந்தச் சமயத்தில்தான் உலு பாண்டான் வட்டாரத்தின் டோவர் காட்டில் வீடமைப்புத் திட்டம் வருவது தெரிந்து மனு சுற்றியது. 50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பலரும் அரசு திடீரென்று கைவைத்துவிட்டது என்று கோபப்பட்டார்கள். ஆனால் கிளமெண்டி காடு குடியிருப்பு நிலமாகக் குறிக்கப்பட்டது 1998இல். டோவர் காடு 2003இல். எந்த நிலம் எதற்கு என்று நிறத்தால் காட்டும் பெருந்திட்ட வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; அதில் பதினேழு, இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நிறம் இருந்தது. அந்த ஆண்டுகளில் நடந்த தேர்தல்களில் அது பேசுபொருளே ஆகவில்லை.

டோவரில் என்ன ஆனது? சுற்றுப்புற ஆய்வறிக்கை வெளியிடப்பட்டது, கருத்துக் கேட்கும் காலம் நீட்டிக்கப்பட்டது, 2021 ஜூலையில் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ முடிவைச் சொன்னார்: கிழக்குப் பாதியில் வீடு, பல்லுயிர் அதிகமாக இருக்கும் மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை. ஆளும் கட்சியின் உறுப்பினர்களே இதற்காகப் பேசினார்கள். எதிர்க்கட்சி ஒன்று அந்தத் தொகுதியை வெல்லாமலேயே பாதிக் காடு தப்பியது. அதே சமயம் அந்தப் பாதிக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. "இப்போதைக்கு" என்பது ஓர் அமைச்சரின் வாக்கு, அவ்வளவுதான்.

மனு போட்டால் கேட்பார்களா?

கேட்ட வரலாறு உண்டு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தருகே கோல்ஃப் திடல் கட்டும் திட்டம் 1992இல் பல்லாயிரம் கையெழுத்துகளுக்குப் பிறகு கிடப்பில் போடப்பட்டது. சுங்கை பூலோ, பறவை ஆர்வலர்கள் 1986இல் கண்டு சொல்லி, அரசு ஏற்று, 1993இல் பூங்காவாகத் திறந்தது. 2002 முதல் அது சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதி. புலாவ் உபினின் செக் ஜாவாவைக் கடல் தூர்த்து நிலமாக்க எல்லாம் தயாராக இருந்தது. 2001 இறுதியில், வேலை தொடங்கும் தறுவாயில் தள்ளிவைத்தார்கள். கடைசி வாரங்களில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் இறங்குநீரில் நட்சத்திர மீனைப் பார்த்தது அந்த முடிவுக்கு உதவியது.

கேட்காத வரலாறும் உண்டு. புக்கிட் பிரவுன் இடுகாட்டின் குறுக்கே எட்டுத்தட சாலை போடும் திட்டம் 2011இல் வந்தது. இயற்கை, மரபுடைமைக் குழுக்கள் கெஞ்சின. ஏறக்குறைய 4,000 கல்லறைகள் தோண்டப்பட்டு லோர்னி நெடுஞ்சாலை வந்துவிட்டது.

நடுவில் நிற்பது குறுக்குத் தீவு ரயில் பாதை. மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியைச் சுற்றிப் போனால் சுமார் 200 கோடி வெள்ளியும் பயணத்தில் 6 நிமிடமும் கூடும் என்று அரசு கணக்குச் சொன்னது. ஆறு ஆண்டுகள் விவாதத்துக்குப் பிறகு 2019 டிசம்பரில் நேர்வழிதான் என்று முடிவானது. ஆனால் சுரங்கம் சுமார் 70 மீட்டர் ஆழத்தில். இயற்கைக் குழுக்கள் கேட்டது கிடைக்கவில்லை. அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஆழமும் கிடைத்திருக்காது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது: அந்த நிலம் உடனே தேவைப்படாதபோது, மாற்றுவழி மலிவாக இருக்கும்போது அரசு விட்டுக்கொடுக்கிறது. வீடும் சாலையும் அவசரம் என்றால் விட்டுக்கொடுப்பதில்லை. தேர்தல் முடிவுகளைவிட இந்தக் கணக்குதான் அதிகம் பேசுகிறது.

கரிம வரியால் என் மின்கட்டணம் கூடுமே. அதில் அரசியல் இல்லையா?

இருக்கிறது. டன்னுக்கு 25 வெள்ளி என்ற கட்டத்தில் நாலறை வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசு மதிப்பிட்டது. அதைத் தணிக்க யூ-சேவ் என்ற பயனீட்டுக் கட்டணத் தள்ளுபடியைக் கூட்டியது. 2024இல் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டும் வந்தது. நீண்டகாலம் ஆளும் கட்சி கசப்பு மருந்தோடு சர்க்கரையும் கொடுக்கத் தெரிந்து வைத்திருக்கிறது, அது நல்லதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. பெட்ரோ ரசாயனம் போன்ற துறைகளின் நிறுவனங்களுக்கு இந்த வரியில் இடைக்காலச் சலுகை உண்டு. எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலை மக்கள் பார்க்க முடிவதில்லை. நாலு வெள்ளி கட்டும் குடும்பத்துக்கு அந்த விவரம் தெரிய வேண்டும்.

புகைமூட்டம் பற்றி?

அதில் கட்சி வேறுபாடே கிடையாது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அடுத்த ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் வந்தது. காடு எரிவது சுமத்ராவில் என்பதால் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளுவது கடினம்.

தெருவில் இறங்கிப் போராடலாமா?

ஹோங் லிம் பூங்காவில் மட்டும், விதிகளுக்கு உட்பட்டு. 2019 செப்டம்பரில் பருவநிலைப் பேரணிக்கு அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் இளையர்கள். வேறு இடத்தில் பதாகையோடு ஒருவர் நின்றாலும் 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். வேலை அனுமதியில் இருக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: ஹோங் லிம் பூங்காவிலும் நீங்கள் கலந்துகொள்ளக் கூடாது. தயவுசெய்து ஆபத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் உண்மையான ஓட்டை எது?

சுற்றுப்புறத் தாக்க மதிப்பீட்டுக்கென்று தனிச்சட்டம் இல்லாதது. மலேசியாவில் உண்டு, இந்தோனேசியாவில் உண்டு. இங்கே அது திட்டமிடல் நடைமுறையின் ஒரு பகுதி. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஆழமாக ஆய்வு என்பதை அமைப்புகள்தான் முடிவு செய்கின்றன. 2020இல் அந்த நடைமுறையை வலுப்படுத்தினார்கள். சில மாதங்களிலேயே, 2021 பிப்ரவரியில், கிராஞ்சியில் வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்காவுக்கான நிலத்தில் ஆய்வு முடியுமுன்பே மரங்கள் வெட்டப்பட்டது வெளியே வந்தது. தவறுதலாக அழிக்கப்பட்டது சுமார் 4.5 ஹெக்டர். வானிலிருந்து எடுத்த படங்கள் முகநூலில் பரவிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அரசு விசாரித்தது, அறிக்கை தந்தது, அமைப்பைத் திருத்தியது. ஆனால் வெட்டியது வெட்டியதுதான்.

ஆட்சி மாறும் நாட்டில் அடுத்து வருபவர் பழைய கோப்பைத் தோண்டுவார் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை. அதன் இடத்தில் ஒரு சட்டம் இருக்க வேண்டும்: பெரிய திட்டம் எதுவானாலும் ஆய்வு கட்டாயம், முழு அறிக்கையையும் வெளியிடுவது கட்டாயம், கட்டுப்படாதவர்மேல் வழக்குப் போட வழி. மசெக அரசே இதைக் கொண்டுவரலாம். 87 இடம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு மதிய அமர்வு வேலை.

அப்படியானால் சாதாரண மனிதன் எப்போது, எங்கே பேசுவது?

நிறம் பூசும் கட்டத்தில். பெருந்திட்டம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை ஆகிறது. வரைவைக் கண்காட்சியாக வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். கடைசியாக 2025இல் வைத்தார்கள். ஆகவே அடுத்தது இந்தப் பத்தாண்டின் முடிவுவாக்கில் வரும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நகரச் சீரமைப்பு ஆணையத்தின் இணைய வரைபடத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால், வீட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு துண்டு நிலமும் எதற்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் வரைபடத்தில் குடியிருப்பு என்றோ, எதற்கென்று இன்னும் முடிவாகாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட நிலம் என்றோ இருந்தால், அங்கே இன்னும் மண்வாரி வராத இந்தச் சமயத்தில்தான் பேச வேண்டும்.

அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வாராவாரம் மக்களைச் சந்திக்கும் இரவில் போய் உட்காருங்கள். எந்தக் கட்சிக்காரரானாலும் சரி. "இந்த இடத்தில் என்ன உயிரினங்கள் இருக்கின்றன என்று ஆய்வு நடந்திருக்கிறதா, அறிக்கை எங்கே?" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் தமிழிலேயே சொல்லுங்கள், அங்கே இருக்கும் தொண்டூழியர் எழுதிக்கொடுப்பார். உறுப்பினர் கையெழுத்தோடு போகும் கடிதத்துக்கு அமைச்சு பதில் எழுதும்.